ஆப்பும் குறடும்

வீட்டின் உறுப்புக்களுள் தரையைப்போல் இடைவிடாத சோதனைக்கு உட்படுவது வேறொன்றில்லை. சுவர் ஒரு விரற்கடை சாய்ந்திருப்பினும் கண் அதனைப் பொறுத்துக்கொள்ளும். கூரையின் கோணலை வீட்டாரில் எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. தரையோ விடிந்தது முதல் உறங்கச் செல்லும்வரை காலால் அளக்கப்படுகின்றது. செருப்பை வாயிலிலே கழற்றிவிட்டு உள்ளே நுழையும் வழக்கமுடைய நம்மவரின் உள்ளங்காலுக்கு மிகச் சிறிய ஏற்றத்தாழ்வும் தப்புவதில்லை. நாற்காலியை இழுக்கும்போது அதன் கால் தடுக்குவதும், முதியவர் ஒருவரின் பெருவிரல் இடறுவதும், காலை வெயில் வாயில்வழியே சாய்ந்து விழும்போது அடுத்தடுத்த இரு ஓடுகளுக்கிடையே மெல்லிய நிழற்கோடு தோன்றுவதும் ஒரே குற்றத்தின் வெவ்வேறு சாட்சியங்கள். ஓர் ஓட்டின் விளிம்பு அதன் அயல் ஓட்டின் விளிம்பைவிட உயர்ந்து நிற்கின்றது என்பதே அக்குற்றம்.

எவ்வளவு உயர்ந்தால் குற்றம் என்பதற்கும் வரையறை உண்டு. இணைப்பின் அகலம் கால் அங்குலத்துக்குக் குறைவாயின், ஓட்டின் இயல்பான வளைவை நீக்கிப் பார்க்குமிடத்து, ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இருத்தலாகாது என்பது அமெரிக்க நாட்டு நியமம். அது ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர், நாம் பணப்பையில் வைத்திருக்கும் வங்கி அட்டையின் தடிப்பளவு. குண்டசாலையில் முழங்காலிட்டு ஓடு பதிக்கும் மேசன் இந்த நியமத்தைப் படித்தவரல்லர். ஆயினும் அவருடைய சுட்டுவிரல் அதனை அறியும்.

முன்னைய வீடுகளில் இத்தொல்லை இருக்கவில்லை. சிவப்புச் சீமெந்து பூசி, மெழுகிட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய தரை, முழுவதும் ஒரே பரப்பு. அதில் வெடிப்பு உண்டாகலாம். ஆனால் விளிம்பு இல்லை. எட்டு அங்குல ஓடும் பன்னிரண்டு அங்குல ஓடும் வந்த காலத்திலும் தொல்லை பெரிதாகத் தோன்றவில்லை. ஓடு சிறிதாயின் தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அது வளைந்து கொடுப்பதுபோல் அமைந்துவிடும். ஓடுகளின் இடைவெளியும் அகலமாக இருந்தமையால் வேறுபாடு அதனுள் மறைந்துபோகும். இன்று வீடு கட்டுவோர் விரும்புவது இரண்டடிச் சதுர ஓடு. அதனையும் இடைவெளி தெரியாதவாறு நெருக்கிப் பதிக்க வேண்டுமென்பர். பெரிய ஓடு சூளையிலிருந்து வரும்போதே நுண்ணியதொரு வளைவுடன் வருகின்றது. பெரும்பாலும் நடு சற்று உயர்ந்தும் ஓரங்கள் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். செங்கல் வரிசைபோல ஓட்டை ஓட்டின் பாதியில் நிறுத்திப் பதித்தால், ஒன்றின் உயர்ந்த நடுவும் மற்றதன் தாழ்ந்த ஓரமும் அருகருகே வந்து நிற்கும். பதினைந்து அங்குலத்துக்கு மேற்பட்ட ஓடுகளை மூன்றிலொரு பங்குக்கு மேல் விலக்கிப் பதித்தலாகாது என்று கூறப்படுவது இதனாலேயே. வீட்டுக்காரரோ படத்திற் கண்ட கோலமே வேண்டுமென்பார். வளைவு சூளையின் செயல், பழி மேசனுக்கு.

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பாதையில், மகாவலியை அணைந்து கிடக்கும் ஊர் குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டியரசை ஆண்ட ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் ஆற்றங்கரையில் இங்கு மாளிகை அமைத்து வாழ்ந்தான். மதுரையிலிருந்து மணமகள் கொண்டவன் அவன். அவனுக்குப்பின் அவளுடைய சகோதரன் அரியணையேற, கண்டியில் நாயக்கர் ஆட்சி தொடங்கிற்று. அந்த மாளிகையின் தரை எத்தகையதாயிருந்தது என்று காட்ட இன்று அங்கு மாளிகை இல்லை. பல்லேகலையிலும் பலகொல்லையிலும் திகனையிலும் இன்று எழுவன உத்தியோகத்தர், வணிகர், வெளிநாட்டில் உழைப்போர் ஆகியோரின் வீடுகள். அவற்றின் தரையை அமைப்போருள் கணிசமானோர் சுற்றியுள்ள மலைத்தோட்டங்களிலிருந்து வருவோர். தெல்தோட்டையிலிருந்தும் மடுல்கலையிலிருந்தும் முதற் பேருந்தில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்தேறி எட்டு மணிக்கு வேலைத்தலத்தில் நிற்கும் இளைஞர்களின் கையிலே மதியச் சோறும் சாந்துக் கரண்டியும் ஒரே பையில் இருக்கும். அவர்கள் பிறந்து வளர்ந்த லயத்து அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதன் தரை சாணமிட்டு மெழுகியது, அல்லது பெயர்ந்த சீமெந்து. இரண்டடி ஓடு அவ்வறைக்கு முப்பது போதும். ஆயினும் அந்த முப்பதை அங்கு பதித்தவர்கள் மிகச் சிலரே.

தோட்டத்திலே பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன் இவ்வேலைக்கு வந்ததும் 'பாஸ்' ஆகிவிடுகிறான். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற இச்சொல்லைச் சிங்களவரும் தமிழரும் கைத்தொழில் வல்லவருக்குரிய மதிப்புச் சொல்லாக ஆள்கின்றனர். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டுமென்ற கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021இலேதான் வர்த்தமானியில் இடம்பெற்றது. சதுர அடிக்கு இவ்வளவென்று பேசி ஓடு பதிப்பவர் அத்தொகைக்காகக் கொழுந்துக் கூடையைச் சுமக்க வேண்டியதில்லை. மலைப்பக்கத்து வாலிபர் இத்தொழிலை நாடுவதன் காரணத்தை இதற்கப்பால் தேடவேண்டியதில்லை.

பழைய முறையில் இத்தொழில் எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். ஈரச் சாந்தின்மீது ஓட்டை வைத்து, ரப்பர்ச் சுத்தியலால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெல்லத் தட்டுவர். பின்பு மட்டக்கோலை இரு ஓடுகளின்மேலும் குறுக்காக வைத்துக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று கன்னத்தைத் தரையில் பதித்துப் பார்ப்பர். இறுதியாக இணைப்பின் குறுக்கே விரல் செல்லும். இவ்வேளையில் கண்ணை மூடிக்கொள்ளும் மேசன்மார் உளர். போகும் வழியில் தடுக்காமல், திரும்பும் வழியில் மட்டும் நகம் தடுக்கினால், எந்த ஓடு தாழ்ந்தது என்பது தெரிந்துவிடும். தாழ்ந்ததைக் கிளப்பிச் சாந்திட்டு மீண்டும் தட்டவேண்டும். அதனைத் தட்டும்போது முன்னரே சரியாக இருந்த மூன்றாவது ஓடு அசைந்துவிடும். இவ்வாறு ஓரறையில் நூறு முறை குனிந்து நூறு முறை நிமிர்வதன் விலையை முழங்கால் கொடுக்கிறது. நாற்பது வயதிலே படியேறத் தயங்கும் மேசன்மாரைக் கண்டிப் பகுதியிற் காண்பது அரிதன்று. சாக்குத்துண்டை நாலாக மடித்து முழங்காலின் கீழே வைத்துக்கொள்வதே அவர்களிற் பெரும்பாலோர் அறிந்த மருத்துவம்.

இந்நிலையிலேதான் புதிய கருவி வந்து சேர்ந்தது. அதன் உறுப்புக்கள் மூன்று. ஓட்டின் அடியிலே செருகும் தட்டையான பாதமும், இரு ஓடுகளின் இடையே மேலெழும் மெல்லிய தண்டும், தண்டின் நடுவே ஒரு துளையும் கொண்ட பிளாஸ்டிக் கிளிப் ஒன்று. அத்துளையினுள்ளே செல்லும் ஆப்பு மற்றொன்று. ஆப்பைத் தள்ளி இறுக்கும் குறடு மூன்றாவது. குறட்டின் ஒரு தாடை கிளிப்பின் தலையிற் பிடித்துக்கொள்ள, மற்றத் தாடை ஆப்பின் பின்புறத்தை உந்துகிறது. ஆப்பு முன்னேற முன்னேறப் பாதம் கீழிருந்து மேலும், ஆப்பு மேலிருந்து கீழும் அழுத்த, அயலிலுள்ள இரு விளிம்புகளும் வேறு வழியின்றி ஒரே உயரத்துக்கு வந்து நிற்கின்றன. எவ்வளவு இறுக்கவேண்டும் என்பதைக் குறட்டிலுள்ள திருகாணியால் முன்னரே வரையறுத்துவிடலாம். அதற்குமேல் இறுக்கினால் தண்டு அறும். சாந்து இறுகிய மறுநாள், இணைப்பின் போக்கிலேயே காலால் ஓர் உதை. தண்டு ஓட்டின் மேற்பரப்புக்குக் கீழே, அதற்கென மெலிதாக்கப்பட்ட இடத்தில் முறியும். ஆப்பு மீண்டும் பயன்படும். முறிந்த கிளிப் குப்பைக்கு. பாதம் மட்டும் ஓட்டின் கீழே என்றென்றைக்கும் புதைந்து கிடக்கும்.

மரத்தைப் பிளக்கவும் பாறையைப் பெயர்க்கவும் மனிதன் கண்ட மிகப் பழைய பொறிகளுள் ஒன்று ஆப்பு. பிரிப்பதற்கென்றே பிறந்த அது இங்கு சேர்த்துவைக்கும் தொழிலை ஏற்றிருப்பதைக் காண்கையில் வியப்பு மேலிடுகின்றது.

கணக்கும் பார்க்கத் தக்கது. பன்னிரண்டடிச் சதுர அறைக்கு இரண்டடி ஓடுகள் 36 வேண்டும். சுவரோரங்களை விடுத்து ஓடும் ஓடும் சந்திக்கும் பக்கங்கள் 60. பக்கத்துக்கு இரண்டு கிளிப் வீதம் 120 கிளிப்புக்கள் ஓரறைக்கே செலவாகும். பெரும்பாலும் சீனாவிலிருந்து பைகளில் வரும் இவற்றின் விலை, ஒன்றொன்றாக நோக்கின் அற்பமே; ஒரு வீட்டுக்கெனக் கூட்டினால் அற்பமன்று. அதனை யார் கொடுப்பது என்பதில் வீட்டுக்காரருக்கும் மேசனுக்கும் எப்போதும் ஓர் இழுபறி உண்டு.

கைத்திறன் அழிகிறதே என்று இக்கருவியைப் பழிப்பது இரசனையுள்ளவர்க்கு எளிது. அவர்களின் முழங்கால் நலமாயிருக்கிறது. நூறு முறை குனிந்த இடத்தில் முப்பது முறை குனிந்தாற் போதும் என்று ஆகும்போது, ஒருவரின் உழைக்கும் ஆயுள் நீள்கின்றது. பார்வை மங்கத் தொடங்கிய முதிய மேசனும் இளைஞனுக்கு இணையாக வேலை முடிக்கின்றார். மாலை வெளிச்சம் குன்றியபின் பதித்த வரிசை மறுநாள் காலையில் தன்னைக் காட்டிக்கொடுக்குமோ என்ற அச்சமின்றி அவர் உறங்கப் போகலாம். இவ்வளவையும் ஒரு பிளாஸ்டிக் துண்டு கொண்டுவந்திருக்கிறதென்றால் அதனை வரவேற்பதே முறை.

ஆனால் இக்கருவி செய்யாதவொன்று உண்டு. அது இரு விளிம்புகளைத் தம்முட் சமமாக்குகிறது. அச்சமநிலை எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்பதை அது அறியாது. ஓடுகள் அனைத்தும் அயலோடு அயல் ஒத்திருந்தும் தரை முழுவதுமே வாயிற்பக்கம் அரை அங்குலம் ஏறியிருக்கலாம். எலுமிச்சம்பழமொன்றை உருட்டிவிட்டால் அது தானாகவே சமையலறைக்குப் போய்ச் சேரும். இணைப்புக்களை விரலால் தடவுபவர் எந்தக் குறையும் காணமாட்டார். அன்றியும், அடியிற் சாந்து போதாமல் தாழ்ந்திருக்கும் ஓட்டைக் குறடு மேலே இழுத்து நிறுத்திவிடும். கீழே வெற்றிடம் உண்டாகும். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் அந்த ஓடு, தட்டிப் பார்த்தால் பொள்ளென்று ஒலிக்கும். பாரமான அலுமாரியொன்றின் கால் அதன்மேல் ஏறும்வரை உடையாதிருக்கும். குளியலறையிலோ நிலைமை வேறு. அங்கு அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் நீர் போகும் துவாரத்தை நோக்கித் தரை சரியவேண்டும். மட்டமாயிருப்பதே அங்கு பிழை. கிளிப்பும் ஆப்பும் சரிவையும் மட்டத்தையும் ஒரே விசுவாசத்துடன் இறுக்கிக் கொடுக்கும்.

மட்டம் எது என்று சொல்வதற்கு மேசனிடம் உள்ளது வேறொரு பொருள்: நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய். அதன் ஒரு முனையை ஒரு மூலையிலும் மறுமுனையை எதிர்மூலையிலும் பிடித்தால், இடையில் எத்தனை சுவர் இருப்பினும், இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தைச் சுவரிற் பென்சிலாற் குறித்து, அறைதோறும் கொண்டுசென்று, குறியிலிருந்து கீழே அளந்து நூல் பிடிப்பர். குழாயில் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் கணக்குத் தவறும். அதனை விரலாற் சுண்டிச் சுண்டி வெளியேற்றப் பொறுமை வேண்டும். பாண்டிமாதேவியின் அரண்மனைக்கு நிலம் வகுத்தபோது நடுப்பகலிற் கோல் நட்டு நிழல் நோக்கித் திசையறிந்து நுட்பமாகக் கயிறிட்ட வல்லுநரைப் பற்றி நெடுநல்வாடை சொல்கின்றது. பல்கலைக்கழகத்தில் அப்பகுதியைப் படிப்போர், குண்டசாலையில் கட்டி முடியாத வீடொன்றினுள்ளே நூலின் மறுமுனையைப் பிடித்து நிற்கும் பதினெட்டு வயதுப் பையனையும் ஒருமுறை பார்த்துவருதல் நன்று.

மட்டம் என்ற சொல்லே நம் மொழியில் இருமுகம் கொண்டது. சமநிலையைக் குறிக்கும் அச்சொல்லே தாழ்வையும் குறிக்கின்றது. ஒருவரை இழிவுபடுத்துவதை 'மட்டம் தட்டுதல்' என்கிறோம். சாந்துப் பரப்பை ஒழுங்காக்கும் மேசனும் மட்டந்தான் தட்டுகிறார். குண்டசாலைக்குக் கிழக்கே வாழ்ந்த மக்கள் இச்சொல்லின் இன்னொரு கடுமையையும் அறிந்தவர்கள். விக்டோரியா நீர்த்தேக்கம் 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் கடலுக்கு மேல் 438 மீற்றர் என்று வகுக்கப்பட்டிருந்தது. வரைபடத்தில் ஓடிய அந்தக் கோட்டுக்குக் கீழிருந்த வீடுகளையும் வயல்களையும் பழைய தெல்தெனிய நகரையும் மக்கள் விட்டு நீங்க நேர்ந்தது. நீர் எங்கும் ஒரே உயரத்தில் நிற்கும் என்ற அதே விதி, மேசனின் கையிற் குழாயாகவும் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கமாகவும் வேலை செய்திருக்கிறது. கோட்டுக்குச் சற்று மேலே வீடிருந்தவர் தங்கினார். சற்றுக் கீழே இருந்தவர் புறப்பட்டார். மட்டத்தை யார் வகுக்கிறார் என்பது சிறிய கேள்வியன்று.

இக்கேள்வி தொழில் பழகவரும் பையன்களுக்கும் உரியது. முன்பு ஒரு கையாள் தனியே அறையொன்றைப் பதிக்கத் தகுதிபெற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். முதலாண்டு சாந்து குழைப்பதிலும் ஓடு சுமப்பதிலும் கழியும். இரண்டாமாண்டில் நூல் பிடிப்பான். அதன்பின்பே சுத்தியல் கைக்கு வரும். இப்போது கிளிப்பும் குறடும் கொடுத்துவிட்டால் மூன்றே மாதத்தில் அவன் பதித்த வரிசை பார்வைக்குக் குறையின்றி அமைகின்றது. வேலை கொடுப்பவர் அதற்குமேல் அவனுக்குக் கற்பிக்க விரும்புவதில்லை, அவனும் கேட்பதில்லை. குழாயையும் நூலையும் பழைய மேசனே வைத்துக்கொள்கிறார். ஆக, மட்டம் தீர்மானிப்பவர் ஒருவரும் அத்தீர்மானத்துக்குள்ளே ஆப்பு இறுக்குபவர் நால்வருமாகத் தொழில் பிளவுபடுகின்றது. அவ்விருவகையினரின் கூலியும் ஒன்றன்று. தோட்டத்துப் பையன் ஆப்பு இறுக்குபவனாகவே நின்றுவிடுவானாயின் அவன் லயத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பது ஐயத்துக்குரியது. கருவியின்மேல் இக்குற்றத்தைச் சுமத்துவதற்கில்லை. கிளிப்புக்கள் மிச்சப்படுத்திய நேரத்தில் அவனுக்குக் குழாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கலாம். அந்நேரம் அடுத்த வீட்டின் ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது.

நாட்டின் நெருக்கடி இதனை ஒருமுறை வெளிப்படையாக்கிற்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020இல் தரையோடு உட்படப் பல பொருள்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் நிறுத்திவைத்தபோது ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. சீமெந்தின் விலை ஏறியது. கட்டி முடியாத வீடுகள் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. கிடைத்த சிறுவேலைகளுக்கும் ஒரு பை கிளிப் வாங்குவதற்குக் கணக்குப் பார்க்கவேண்டியிருந்தது. அக்காலத்தில் பலகொல்லைப் பக்கத்து வீடொன்றிலே, பாதி அறை முடிந்த நிலையில், ஒரே தோட்டத்தைச் சேர்ந்த மேசனுக்கும் பையனுக்கும் இடையே நடந்த உரையாடல் இது:

"மாமா, கிளிப் முடிஞ்சிருச்சு. கடைக்குப் போகவா?"

"காசு யாருக்கிட்ட இருக்கு? முடிஞ்சா முடியட்டும். ஒன் விரல் முடிஞ்சிருச்சா?"

"எனக்கு விரல்ல தெரியாது மாமா."

அவர் அவன் கையைப் பிடித்து இணைப்பின் குறுக்கே ஒருமுறை கொண்டுபோனார், திரும்பக் கொண்டுவந்தார். முதலிரு தடவையும் அவனுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மூன்றாவது தடவை திரும்பும் வழியில் நகம் நின்றது. "இந்தப் பக்கந்தான் எறங்கியிருக்கு," என்றான். அன்று மாலைக்குள் மீதிப் பாதியில் ஒன்பது ஓடுகளே பதிக்க முடிந்தது. கிளிப் இருந்திருந்தால் பதினெட்டும் முடிந்திருக்கும். வீட்டுக்காரர் தாமதத்துக்காக முகம் சுளித்தார். சதுர அடிக் கூலியில் அவர்களுக்கு அரைநாள் நட்டம். அந்த ஒன்பதையும் கிளிப் வைத்துப் பதித்த பகுதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு ஓரிரு இணைப்புக்களில் வேறுபாடு தெரியத்தான் செய்யும். கருவி வென்ற இடம் அது, மறைப்பதற்கில்லை.

இறக்குமதித் தடைகள் பின்னர் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. நின்றுபோன வீடுகளில் மீண்டும் சுத்தியலோசை கேட்கிறது. கிளிப்புப் பைகள் கடைவாயில்களில் தொங்குகின்றன. அந்தப் பையன் இப்போது குழாயின் மறுமுனையைப் பிடிப்பதோடு நில்லாமல் குறியையும் தானே இடுகிறான். குமிழி இருக்கிறதா என்று மேசன் இன்னமும் ஒருமுறை வந்து பார்க்கிறார். காலையில் வந்ததும் முதல் வேலை கிளிப் உதைப்பது. இணைப்பின் போக்கிலே உதைக்கவேண்டும். குறுக்கே உதைத்தால் ஓட்டின் விளிம்பு சிதறும். முறிந்த தண்டுகளைக் கூட்டி அள்ளிய பின், ஆப்புக்களை வாளித் தண்ணீரிற் போட்டுச் சாந்து போகக் கழுவி, எண்ணிப் பைக்குள்ளே போடவேண்டும். இரண்டு மூன்று குறையும். அவை எப்போதும் வாயிற்கதவின் பின்னாலேயே அகப்படும்.